சனிக்கிழமை வகுப்பும் மூன்று பாத்தியும்: தோட்டப்புறத்தில் தன்னார்வப் பணி தொடங்குபவர்களுக்கு

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபால், சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில், பழைய தோட்டத்து லயங்களும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) அவற்றை ஒட்டி எழும்பிய தாமான்களும் (வீடமைப்புப் பகுதிகள்) அடுத்தடுத்து இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் போய்த் தொழிற்பேட்டை வந்துவிட்டது. பெற்றோரில் பலர் பத்து காவானுக்கும் பிறைக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளைப் பாட்டியோ மூத்த அக்காவோ பார்த்துக்கொள்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் வாசிக்கச் சொல்லிக்கொடுத்து, கூடவே கீரையும் வெண்டையும் வளர்க்கக் கற்றுத்தர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

விவசாயமும் தெரிந்து பாடம் நடத்தவும் தெரிந்த ஒருவர் கிடைத்தால் பெரும் பேறு. கிடைக்காவிட்டால், மண்ணைத் தெரிந்த ஒருவரும் பள்ளிக்கூடத்தைத் தெரிந்த ஒருவரும் சேர்ந்துகொள்ளுங்கள். ஒற்றை ஆளாகத் தொடங்க வேண்டாம். அதற்கான காரணம் கீழே பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இருக்கிறது.

அளவை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பன்னிரண்டு பிள்ளைகள், மூன்று பாத்திகள், சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் பத்தரை வரை. இதற்கு மேல் முதல் ஆண்டில் வேண்டாம். நாற்பது பிள்ளைகளோடும் அரை ஏக்கரோடும் பட்டாசு வெடித்துத் தொடங்கும் பணிகள், முதல் பள்ளி விடுமுறையைத் தாண்டுவதில்லை. சிறிதாக இருந்தால்தான் விடாமல் நடத்த முடியும், விடாமல் நடந்தால்தான் பெற்றோர் நம்புவார்கள்.

இடமும் அனுமதியும்

மூன்று இடங்களைப் பார்க்கலாம்: தமிழ்ப்பள்ளி வளாகம், தோட்டத்துக் கோயில் மண்டபமும் அதன் பின்னாலுள்ள நிலமும், கம்பத்துப் பாலாய் ராயா (ஊர்ப் பொதுமண்டபம்). இவற்றில் பள்ளிதான் சிறந்தது. வேலி இருக்கும், குழாய் இருக்கும், கழிவறை இருக்கும், நிழலில் உட்கார மேசை நாற்காலி இருக்கும். தலைமையாசிரியரிடம் நேரில் பேசிவிட்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பிள்ளைகள், பொறுப்பாளர்கள் யார், வளாகத்தில் எந்த மூலை என்ற ஐந்து விவரமும் அதில் இருக்க வேண்டும். வெளியாள் பள்ளிக்குள் வந்து பணி செய்ய மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் தேவைப்படலாம் என்பதால், தலைமையாசிரியர் கொஞ்சம் காலம் கேட்பார். அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோயில் நிலம் என்றால் நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பில் உங்கள் பணி பதிவாக வேண்டும். வாய்மொழி அனுமதி, அடுத்த தேர்தலில் தலைவர் மாறியதும் காணாமல் போகும். தோட்ட நிறுவனத்துக்குச் சொந்தமான நிலத்தில், எழுத்தில் எதுவும் இல்லாமல் ஒரு மண்வெட்டி மண்ணைக்கூடப் புரட்டாதீர்கள். காலியாகக் கிடக்கிறது என்பதால் அது யாருக்கும் வேண்டாத நிலம் ஆகிவிடாது.

உடனே சங்கம் பதிய வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் ஏழு பேரும் அதற்கு மேலும் கூடி நடத்தும் அமைப்பைச் சங்கமாகக் கருதுகிறது. சங்கம் என்றால் பதிய வேண்டும். ஆகவே தனிப் பெயரும் முத்திரையும் போட்டுக்கொள்ளாமல், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கீழோ கோயில் குழுவின் கீழோ ஒரு பணியாக முதல் ஓராண்டை நடத்துங்கள். வீடு வீடாகவும் தெருவிலும் காசு வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த அளவு வேலைக்கு வசூல் தேவையே இல்லை. விதை, சுண்ணாம்பு, எரு, நோட்டுப் புத்தகம் ஆகியவற்றைப் பொருளாகவே வாங்கித் தரும் கடைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

எந்த நேரத்திலும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மூடிய அறையில் இருக்கக்கூடாது. தனித்து வாசிப்புச் சோதனை செய்வதானாலும் வராந்தா மாதிரி எல்லோர் கண்ணிலும் படும் திறந்த இடத்தில்தான். பிள்ளையைத் தனியாகக் காரில் ஏற்ற வேண்டாம், மழை கொட்டினாலும் சரி. மழை நின்ற பிறகு வீட்டார் வந்து அழைத்துப் போகட்டும். இருவரில் ஒருவர் வர முடியாத வாரம் வகுப்பு இல்லை. இது கடுமையாகத் தோன்றும். ஆனால் உங்களுக்குப் பின்னால் யார் வந்தாலும் இதே விதி நிற்க வேண்டும் என்பதற்காகவே முதல் வாரத்திலிருந்து இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரின் கையெழுத்தோடு ஒரு பாரம் வாங்குங்கள். இரண்டு கைப்பேசி எண்கள், ஆஸ்துமா, வலிப்பு, உணவு ஒவ்வாமை (வேர்க்கடலையைத் தனியாகக் கேளுங்கள்), பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்ற விவரம், இவ்வளவும் ஒரே தாளில். படம் எடுத்து முகநூலில் போடுவதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். வேண்டாம் என்பவர்களின் பிள்ளை எந்தப் படத்திலும் வரக்கூடாது.

ஒரு பிள்ளையின் உடம்பில் காயம் கண்டாலோ, வீட்டில் ஏதோ சரியில்லை என்று பிள்ளையே சொன்னாலோ, நீங்கள் விசாரணை செய்யக் கூடாது. சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்துக்கொண்டு தலைமையாசிரியருக்குத் தெரிவியுங்கள். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999. உடனடி ஆபத்து என்றால் 999.

முதல் சனிக்கிழமை: யார் எந்த நிலையில்?

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஐந்தாம் ஆண்டுப் புத்தகத்தை வாசிக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, பிள்ளை எங்கே நிற்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. வகுப்பறை மதிப்பீட்டுத் தாளில் வரும் நிலை எண்களை அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்குவதும் இல்லை.

ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். பன்னிரண்டு பேருக்கு ஒரு மணி நேரம். நான்கு அட்டைகள் தயார் செய்யுங்கள். முதல் அட்டையில் இருபது எழுத்துகள், வரிசை மாற்றி: ழை, கொ, பி, று, தே, ணு, கோ, ங, வெ, ளி என்ற மாதிரி. இரண்டாவதில் பத்துச் சொற்கள். மூன்றாவதில் நான்கு வரிப் பத்தி. நான்காவதில் ஒரு பக்கக் கதையும் இரண்டு கேள்விகளும். பிள்ளை தடுமாறாமல் முடிக்கும் கடைசி அட்டைதான் அதன் நிலை.

எழுத்து அட்டையை ஏன் வரிசை மாற்றி எழுத வேண்டும்? அகர வரிசையைப் பாட்டாகப் பாடிவிடும் பிள்ளை, நடுவிலிருந்து ஓர் எழுத்தைக் காட்டினால் முதலிலிருந்து பாடித்தான் அதைக் கண்டுபிடிக்கும். அது வாசிப்பு ஆகாது. அதிகம் தடுக்கி விழும் இடம், முன்னும் பின்னும் குறி வரும் எழுத்துகள். ‘கொ’வைப் பார்த்துக் ‘கெ’ என்று தொடங்கிப் பிறகு கால் வந்ததும் திகைத்து நிற்பார்கள். கெ-கே, கொ-கோ வேறுபாடும், ர-ற, ல-ள-ழ, ன-ண என்பவையும் அடுத்த தடைகள்.

பிறகு வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து மூன்று குழுவாகப் பிரியுங்கள்: எழுத்துக் குழு, சொல் குழு, பத்திக் குழு. இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் ஆயிரக்கணக்கான கிராமங்களில் இப்படித்தான் செய்து வருகிறது. வேலை செய்யும் முறை இது. ஆறாம் ஆண்டுப் பையன் எழுத்துக் குழுவில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்பட்டால், அவனுக்கு அட்டை காட்டும் பொறுப்பைக் கொடுங்கள். காட்டுகிறவனும் கூடவே படித்துவிடுவான்.

நிலை குறைந்த பிள்ளைக்கு முதலில் கண்ணையும் காதையும் சந்தேகியுங்கள். மூன்று மீட்டர் தூரத்தில் வெள்ளைப் பலகையில் எழுதியதைப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கினாலோ தலையைச் சாய்த்தாலோ அரசாங்க கிளினிக்கில் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். ‘அக்கா, பிள்ளைக்குப் படிப்பு வரலன்னு நெனைக்காதீங்க. எழுத்து கண்ணுக்குச் சரியாத் தெரியலையோன்னு தோணுது, ஒரு தடவ கண்ணு செக் பண்ணிப் பாத்துடுங்க’ என்ற அளவில் போதும். குறை சொல்கிறீர்கள் என்று பட்டால் அடுத்த வாரம் பிள்ளை வராது.

மண்ணைப் பார்ப்பது

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் மண் இரண்டு வகை என்று தோராயமாகச் சொல்லலாம். மலைப்பக்கம் போகப் போகச் சிவந்த சரளை மண். கடலுக்கும் கிரியான் ஆற்றுக்கும் பக்கத்தில் கனத்த களிமண். இரண்டும் புளிப்பு மண்தான். நீர்க்கட்டும் களிமண்ணில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வாய்க்கால் ஓரத்தில் வெட்டிப்போட்ட மண்ணில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தெரிந்தாலோ, வாய்க்கால் நீரில் துருப்போல் செந்நிறப் படிவு இருந்தாலோ, அது கந்தக அமிலம் உண்டாக்கும் மண்ணாக இருக்கலாம். அந்த மண்ணை ஆழமாக வெட்டி மேலே கொண்டுவந்தால் காற்றுப் பட்டதும் அமிலம் ஊறும், எதுவும் பிழைக்காது. அங்கே கீழ் மண்ணைத் தொடாமல், வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மேலே பாத்தி கட்டுங்கள், அல்லது பாலித்தீன் பைகளில் வளருங்கள்.

மண்ணின் பி.எச். அளவை, அதாவது எவ்வளவு புளிப்பு என்பதைத் தெரிந்துகொள்ள, ஒரு பங்கு காய்ந்த மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டுச் சோதனைத் தாளை நனையுங்கள். குழாய் நீர் வேண்டாம். மண்ணில் குத்தும் மலிவு விலைக் கருவியை நம்பாதீர்கள். ஈரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் எண் காட்டும். காய்கறிக்கு 6-க்கும் 6.5-க்கும் இடையில் இருந்தால் நல்லது. 5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இல்லாமல் எரு போடுவது வீண்.

பழைய தோட்ட நிலத்தில் மருந்து டிரம்களும் கேன்களும் கிடக்கும். தண்ணீர் பிடிக்க வாகாக இருக்கும், ஆனால் கழுவினாலும் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. களைக்கொல்லி பாராகுவாட் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய கேன்கள் எத்தனையோ கொட்டகைகளில் இன்னும் இருக்கும். பெயர் அழிந்த எந்தப் புட்டியையும் பிள்ளைகள் தொடாமல் பாருங்கள். பாத்தி விளிம்புக்குப் பழைய ரயில் கட்டையும் வேண்டாம், அதில் ஊறிய எண்ணெய் மண்ணில் இறங்கும்.

பாத்தி கட்டும் நான்கு வாரம்

அளவு: நீளம் 3 மீட்டர், அகலம் 90 செ.மீ., உயரம் 25 செ.மீ. பெரியவர்களுக்கு 1.2 மீட்டர் அகலம் கட்டுவார்கள். பிள்ளைகளின் கை பக்கத்துக்கு 45 செ.மீ. வரைதான் எட்டும், அதற்கு மேல் எட்டாததால் பாத்தி மேல் ஏறி மிதிப்பார்கள். மிதித்த மண் இறுகும், நீர் தேங்கும், வேர் அழுகும். பாத்திகளுக்கு இடையே 60 செ.மீ. நடைபாதை விடுங்கள். நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைப்பதை விட, மழைநீர் வடியும் சரிவைப் பார்த்து வைப்பதுதான் இங்கே முக்கியம்.

முதல் வாரம்: புல்லைச் செதுக்கி வேரோடு அகற்றுங்கள். லாலாங் புல்லின் வெள்ளை வேர்த்தண்டு ஒரு விரல் நீளம் தங்கினாலும் மறுபடி முளைக்கும். பிள்ளைகளை வேர் பொறுக்கும் வேலைக்கு விடுங்கள், நன்றாகச் செய்வார்கள். மண்ணை ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, சதுர மீட்டருக்கு 250 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கலந்துவிடுங்கள். ஒரு பாத்தி 2.7 சதுர மீட்டர். ஆக 675 கிராம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டு, தராசில் நிறுத்து எடுக்கட்டும். தூவும்போது காற்று வரும் பக்கம் முதுகு இருக்க வேண்டும், முகக்கவரி கட்டாயம்.

இரண்டாம் வாரம் எதுவும் போடாமல் ஆறவிட்டு, வாய்க்கால் வெட்டி வேலி கட்டுங்கள். மூன்றாம் வாரம் பதப்படுத்திய கோழி எரு பாத்திக்கு 4 கிலோவும், மக்கிய உரம் பத்து லிட்டர் வாளியால் ஐந்து வாளியும் சேர்த்துக் கலக்குங்கள். சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் போட்டால் எருவிலுள்ள தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மூக்கில் நெடி ஏறுவதே அதற்கு அடையாளம். கோழிப் பண்ணையிலிருந்து வரும் பச்சை எருவைத் தவிருங்கள். நாற்றைக் கருக்கும், ஈ மொய்க்கும், பக்கத்து வீட்டார் புகார் செய்வார்கள், அந்தப் புகார் நியாயமானதும்கூட. நான்காம் வாரம் விதைக்கலாம்.

உரக் குழி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செம்பனைத் தோட்டம் பக்கத்தில் இருந்தால், கிளறாமல் விட்ட மக்குக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வண்டு செம்பனைக் குருத்தையும் தென்னங்குருத்தையும் துளைத்துக் கெடுக்கும். குவியலை வாரா வாரம் அடிவரை புரட்டுங்கள். கட்டை விரல் பருமனில் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். காய்ந்த இலை மூன்று பங்கும் பச்சைக் கழிவு ஒரு பங்குமாக, எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் இருக்கும்படி குவித்தால் உள்ளே சூடேறும். சூடேறவில்லை என்றால் ஈரம் போதவில்லை அல்லது குவியல் சின்னது. நாற்றம் அடித்தால் பச்சை அதிகம்.

எதை நடுவது

வாரத்துக்கு ஒரு நாள் கூடும் வகுப்புக்கு எந்தப் பயிர் பொருந்தும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வெண்டை பூத்த ஐந்தாறு நாளில் காய் பறிக்க வேண்டும். சனிக்கிழமை பிஞ்சாக இருந்தது அடுத்த சனிக்கிழமை நாராகிவிடும். பயற்றங்காயும் அப்படியே. கங்கோங் என்ற தண்ணீர்க் கீரை அப்படியில்லை, மூன்று நாள் தள்ளிப் போனாலும் பொறுத்துக்கொள்ளும்.

ஆகவே முதல் பாத்தியில் கங்கோங். விதையை இரவு முழுக்க ஊறவைத்து, 15 செ.மீ. இடைவெளி வரிசைகளில் 5 செ.மீ.-க்கு ஒன்றாக, ஒரு விரல்கணு ஆழத்தில் ஊன்றுங்கள். நான்கு வாரத்தில் அறுவடை. வேரோடு பிடுங்காமல் தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு நறுக்கினால் மறுபடி தழைக்கும். இரண்டு மூன்று தடவை வெட்டிய பிறகு தண்டு முற்றும், அப்போது பிடுங்கிவிட்டுப் புதிதாக விதையுங்கள்.

இரண்டாவது பாத்தியில் சாவியும் (கடுகுக் கீரை வகை) பாயாம் கீரையும் (தண்டுக்கீரை). சாவியைத் தட்டில் நாற்றுவிட்டு, நான்கு இலை வந்ததும் 20 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். சாவியை மட்டுமே நட்டால் அகலத்தில் நான்கு, நீளத்தில் பதினைந்து, முழுப் பாத்திக்கும் அறுபது நாற்று; பாயாமுக்கு விடும் இடத்துக்கு ஏற்ப அது குறையும். பாயாம் விதை பொடிப்பொடியானது. ஐந்து பங்கு மணலோடு கலந்து தூவாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். எறும்பு அள்ளிப் போகும், அதனால் தூவியதும் மெல்லிய மண் போர்த்தித் தண்ணீர் தெளியுங்கள்.

மூன்றாவதில் வெண்டை, இரண்டு வரிசையில் பன்னிரண்டு செடி, பிள்ளைக்கு ஒன்று. குழிக்கு மூன்று விதை போட்டு, முளைத்த பிறகு நன்றாக இருக்கும் ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். கூடுதலாக நான்கைந்து செடிகளைப் பையில் வளர்த்து வையுங்கள். தன் பெயர் எழுதிய செடி செத்தால் பிள்ளை மனம் உடைந்துபோகும். உடனே மாற்றிக் கொடுக்க ஒன்று கையில் இருக்க வேண்டும். வாரநாளில் பறிக்கும் வெண்டைக்காய், அன்று தண்ணீர் ஊற்றும் வீட்டுக்குச் சொந்தம். இந்த ஏற்பாடு ஒன்றே தண்ணீர்ப் பிரச்சினையில் பாதியைத் தீர்க்கும்.

விதை வாங்கும் முன் லயத்துப் பாட்டிகளைக் கேளுங்கள். லயத்துப் பின்கட்டில் பாகலும் முருங்கையும் கறிவேப்பிலையும் போட்டு வளர்த்தவர்கள் அவர்கள். எந்தப் பக்கம் நீர் தேங்கும், எந்த மாதம் பூச்சி வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு பாட்டியை அழைத்து வந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தால், பிள்ளைகளும் உங்களிடம் கேட்காததை அவரிடம் கேட்பார்கள்.

தண்ணீரும் வாரநாட்களும்

பாத்தி காய்வது வாரநாட்களில்தான். மழை இல்லாத நாளில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், அதாவது ஒரு பாத்திக்கு 13 அல்லது 14 லிட்டர் வேண்டும். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். தைப்பூசத்துக்கு ஊரே தண்ணீர்மலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் கீரை கருகும். ஆகவே பக்கத்தில் இருக்கும் மூன்று வீட்டைப் பிடித்து, வீட்டுக்கு இரண்டு நாள் என்று எழுத்தில் பிரித்து, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை வகுப்பு பார்த்துக்கொள்ளும். பள்ளி விடுமுறைக்குத் தனி அட்டவணை வேண்டும், விடுமுறை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே. மார்ச், ஏப்ரலில் மழை திரும்பும்போது பாத்தி தொடங்குவது எளிது. செப்டம்பர், அக்டோபர் பெருமழையில் பொடி விதையை வெளியில் தூவாதீர்கள், அடித்துப் போய்விடும். கூரைக்கடியில் தட்டில் நாற்றுவிடுங்கள்.

தொட்டிக்கு இறுக்கமான வலை மூடி அவசியம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், வாரா வாரம் தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். சுகாதார அதிகாரிகள் ஜென்திக் (கொசுப்புழு) கண்டால் 500 வெள்ளி வரை அபராதம் போடலாம். பூந்தட்டு, தேங்காய்ச் சிரட்டை, கவிழ்க்காமல் விட்ட பூவாளி எல்லாவற்றையும் கிளம்புமுன் ஒரு பிள்ளை பார்த்துவர வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ‘கொசு மண்டோர்’ (கொசுக் கண்காணி) என்று பேர் வைத்தால் பெருமையாகச் செய்யும்.

இரண்டரை மணி நேரம்

எட்டிலிருந்து எட்டே முக்கால் வரை வெளியில். அதற்குப் பிறகு வெயில் ஏறும். காலில் ரப்பர் பூட்ஸ் அல்லது மூடிய காலணி, கையில் கையுறை. வெண்டைச் சுணை அரிக்கும், எனவே முழுக்கை. எலி நடமாடும் நிலத்தில் எலிக்காய்ச்சல் கிருமி ஈர மண்ணில் இருக்கும். கையில் காலில் புண் உள்ள பிள்ளை அன்று மண்ணைத் தொட வேண்டாம், நோட்டில் எழுதும் வேலை செய்யட்டும். குப்பை, பலகை, கோணி எதையும் கையால் புரட்டாமல் நீண்ட கம்பால் முதலில் பெரியவர் தட்டிப் பார்க்க வேண்டும். செம்பனைப் பக்கம் நாகப்பாம்பு சாதாரணம். இடி கேட்டால் உடனே கூரைக்குள். புகைமூட்டக் காலத்தில் காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி வேலை கிடையாது.

சோப்பு போட்டுக் கை கழுவி, பயறு சுண்டலோ வாழைப்பழமோ சாப்பிட்டு, ஒன்பதுக்கு உட்காருங்கள். சனிக்கிழமை காலையில் பல பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருவார்கள், பசியோடு வாசிப்பு ஏறாது.

முதல் இருபது நிமிடம் எல்லோரும் பாத்தி நோட்டு எழுதட்டும்: தேதி, மழை பெய்ததா, செய்த வேலை, அளந்த உயரம், தமிழில் ஒரு வாக்கியம், அதையே மலாயில் ஒரு வாக்கியம். எழுத்துக் குழுப் பிள்ளை ஒரு சொல் எழுதினால் போதும். மழை, கொடி, புழு, பயறு, வெள்ளரி, தேங்காய் என்று பாத்தியைச் சுற்றியுள்ள சொற்களிலேயே தடுக்கும் எழுத்துகள் எல்லாம் கிடைத்துவிடும். பெயர்ப் பலகை எழுதும் வேலையை வேண்டுமென்றே எழுத்துக் குழுவுக்குக் கொடுங்கள். அடுத்த நாற்பது நிமிடம் குழுவாரியாக வாசிப்பு. கடைசி அரை மணி கணக்கு: பரப்பளவு, எடை, நாற்று எண்ணிக்கை, பத்துச் செடியின் சராசரி உயரம். புத்தகத்தில் பின்னம் புரியாத பிள்ளைக்கு, 675 கிராம் சுண்ணாம்பை மூன்று டப்பாவில் சரியாகப் பிரிக்கச் சொன்னால் புரியும். எட்டு வாரத்துக்கு ஒரு முறை அதே நான்கு அட்டைகளின் புது வடிவத்தோடு சோதித்துக் குழு மாற்றுங்கள்.

எது கெடும், ஏன்

நாற்று தரையோடு சாய்ந்து அடித்தண்டு கறுத்தால், அது ஈரம் மிகுந்ததால் வரும் நாற்றழுகல். தண்ணீரைக் குறைத்து நெருக்கத்தைக் கலையுங்கள். சாவி இலை முழுக்க ஊசித் துளைகள் இருந்தால் தெள்ளு வண்டு. நட்ட நாளிலேயே வலை மூடினால்தான் தப்பும், பிறகு மூடினால் வண்டையும் சேர்த்தே மூடுகிறீர்கள். பயற்றங்கொடி நுனியில் கறுப்பு அசுவினி மொய்த்தால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் 2 மி.லி. பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து மாலையில் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். ஆப்பிரிக்க நத்தையை மழைக்குப் பின் மாலையில் இடுக்கியால் பொறுக்குங்கள், வெறுங்கையால் தொடக்கூடாது. பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இரசாயனப் பூச்சிமருந்து எதுவும் வேண்டாம். பாதிப் பயிர் போனாலும் பரவாயில்லை.

கத்தரியோ மிளகாயோ போட்டு, பச்சையாகவே ஒரே நாளில் துவண்டுவிட்டால் இதைச் செய்து பாருங்கள். அடித்தண்டைக் குறுக்கே வெட்டிக் கண்ணாடிக் குவளை நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல் இறங்கினால் பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியை மண்ணோடு பெயர்த்து அப்புறப்படுத்தி, அந்தப் பாத்தியில் கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் நீண்ட காலத்துக்குத் தவிர்த்துக் கங்கோங்கோ சாவியோ போடுங்கள். பிள்ளைகள் மறக்காத அறிவியல் பாடம் அது.

குரங்கு வரும் இடத்தில் காய்ப்பயிரை மறந்துவிட்டுக் கீரை, பண்டான், கறிவேப்பிலை என்று போங்கள். ஆட்டையும் கோழியையும் ஒன்றரை மீட்டர் வலை வேலி தடுக்கும்.

பங்கீடும் பொறுப்பு மாற்றமும்

அறுவடையை முதலில் எடை போட்டு நோட்டில் எழுதி, பன்னிரண்டு பங்காகப் பிரித்து வீட்டுக்கு அனுப்புங்கள். வேலை செய்யாத பிள்ளைக்குப் பங்கு குறைப்பது வேண்டாம். பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் வராமல் இருந்திருக்கலாம். முதல் ஆறு மாதம் விற்பனை வேண்டாம். காசு கைமாறத் தொடங்கியதும் யார் கையில், எந்தக் கணக்கில் என்ற பேச்சு கிளம்பும். பிறகு விற்பதானால், பெற்றோர் இருவர் கையெழுத்திடும் நோட்டு ஒன்று தனியாக வேண்டும்.

கருவிகளை எண்ணித் தொடங்கி எண்ணி முடியுங்கள்: இரண்டு மண்வெட்டி, ஒரு முள்வாரி, ஆறு கைக்கரண்டி, 9 லிட்டர் பூவாளி இரண்டு, அளவுநாடா, தராசு, முதலுதவிப் பெட்டி. பாராங் (வெட்டுக்கத்தி) பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

பெற்றோரில் ஒருவர் வேலி ஓரமாக நின்று பார்க்கத் தொடங்குவார். பெரும்பாலும் ஓர் அம்மாவாக இருப்பார், ஷிப்ட் முடித்து வந்தவர். ‘டீச்சர், நானும் வரவா?’ என்று கேட்டால், அடுத்த வாரமே வருகைப் பதிவேட்டை அவர் கையில் கொடுங்கள். மூன்றாம் மாதத்தில் தண்ணீர் அட்டவணை, ஆறாம் மாதத்தில் விதை வாங்கும் பொறுப்பு, பிறகு எழுத்துக் குழுவின் அட்டைகள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தயக்கம் இருந்தால், பிள்ளைகள் கலைந்த பிறகு அரை மணி நேரம் அவரோடு உட்காருங்கள். ஓராண்டு முடியும்போது பெற்றோர் இருவராவது வகுப்பைத் திறந்து மூடத் தெரிந்திருக்க வேண்டும். கொட்டகைச் சாவி, பிள்ளைகளின் பாரங்கள், மண் சோதனைக் குறிப்பு, எந்தப் பாத்தியில் எப்போது என்ன நட்டது என்ற பதிவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.